பூச்சுக்கு முன் ஒரு பேச்சு: வீடு கட்டுகிறவர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டில் இந்த ஆண்டு சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு,



வாசல் நிலை வைத்து, கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, பூச்சு வேலைக்கு மணல் இறக்கியிருப்பீர்கள். கையிருப்பு கரைந்திருக்கும், வங்கியிலிருந்து கடைசித் தவணை இன்னும் வந்திருக்காது. டைல்ஸ் என்ன நிறம், கேட் என்ன டிசைன், கொத்தனார் ஏன் நேற்று வரவில்லை என்பதுதான் வீட்டில் ஓடும் பேச்சு. இந்த நேரத்தில் ஒருவர் வந்து, “வீட்டுப் பெயரை எப்படி எழுதப்போகிறீர்கள்?” என்று கேட்டால், “அதெல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் பார்த்துக்கலாம்” என்பீர்கள். அந்த முந்தின நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

என் வேண்டுகோள் சிறியது. வீட்டுப் பெயரைக் கடையில் வாங்கி மாட்டாமல், ஓவியர் ஒருவரை அழைத்துச் சுவரிலேயே எழுதவையுங்கள். அதற்கான முடிவைக் கொத்தனார் சாரத்தில் நிற்கும் இந்த வாரமே எடுங்கள். இதற்கான காரணத்தில் பாதி எழுத்தின் அழகில் இருக்கிறது. மறுபாதி சிமெண்டில் இருக்கிறது.

முதலில் கடைச்சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் எழுத்து பளபளக்கும். கிரானைட்டில் வெட்டினால் நெடுங்காலம் நிற்கும். பின்னால் எல்.இ.டி. வைத்தால் இரவிலும் தெரியும். இவற்றையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே உங்கள் வீட்டுப் பெயருக்கு என்ன நடக்கிறது என்று கடையில் நின்று கவனியுங்கள். கணினி முன் இருக்கும் பையன் தன்னிடமுள்ள நாலைந்து எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தட்டுகிறான். தகட்டின் அகலத்துக்குப் பெயர் போதவில்லையென்றால் பக்கவாட்டில் இழுக்கிறான். கொம்பு தடிக்கிறது, சுழி நசுங்குகிறது. பெயர் நீண்டுவிட்டால் அமுக்குகிறான். ‘ணை’யும் ‘னை’யும் ஒன்றுபோல ஆகின்றன. மென்பொருளுக்குத் தமிழ் சரியாக வராவிட்டால் ‘வெ’யின் கொம்பு கழன்று வேறெங்கோ போய் உட்காரும். அதை யாரும் பார்க்காமல் கல்லில் வெட்டிவிட்டால், பிழையும் கல்லுள்ள காலம்வரை இருக்கும். இப்படித்தான் மதுரையில் கட்டிய வீட்டுக்கும் ஓசூரில் கட்டிய வீட்டுக்கும் ஒரே முகம் வந்துவிட்டது.

முந்தைய தலைமுறை வீடுகளைப் பாருங்கள். செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகளை விலாசத்தைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அந்த விலாசமே பர்மாவிலும் மலேயாவிலும் அவர்களுடைய வட்டிக்கடையின் பெயராக இருந்தது. மற்ற ஊர்களில் மாடிக் கைப்பிடிச் சுவரின் நடுவே கொத்தனார் சுதையில் எழுத்தைப் புடைப்பாக எழுப்பி, கீழே கட்டிய ஆண்டையும் போட்டுவிடுவார். ஓவியர் வந்து அதற்கு வண்ணம் தருவார். வசதி குறைந்தவர்கள் சுண்ணாம்பு அடித்த சுவரில் நேரடியாக எழுதவைத்தார்கள். தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் ‘எபெனேசர்’, இஸ்லாமியர் வீடுகளில் ‘மாஷா அல்லாஹ்’, முருக பக்தர் வீடுகளில் வேல் படத்தோடு ‘கந்தன் இல்லம்’. அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972 ஆகஸ்ட் 15ஆம் நாள்தான். அதற்கு முன்பும், அதற்குப் பின்பு வெகுகாலமும், தபால்காரரை வாசலுக்குக் கொண்டுவந்ததில் இந்தப் பெயர்களுக்குப் பங்குண்டு. ஒரே கதவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள் சுமக்கும் சென்னையில் இன்றைக்கும் பெயர் கைகொடுக்கிறது. சிவாஜி கணேசனின் ‘அன்னை இல்லம்’ தியாகராய நகரில் எங்கே என்று கேட்டால் வழி சொல்ல ஆள் உண்டு. அதன் கதவு எண் எத்தனை பேருக்குத் தெரியும்?

பழைய சுவர்களில் இன்னொன்றும் படிக்கக் கிடைக்கும். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் 1935 முதல் ‘குடியரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று எழுத்துகள் மாறின. அதற்கு முன் ‘லை’க்கும் ‘னை’க்கும் முன்னால் யானைத் துதிக்கை போன்ற வளைவு இருக்கும். ‘அண்ணாமலை’ என்ற பெயரில் மட்டும் ‘ணா’, ‘லை’ என இரண்டு எழுத்துகள் உருமாறின. ஆண்டு அழிந்துபோன வீட்டுக்கும் எழுத்து வயது சொல்லும். துதிக்கை ‘லை’ இருந்தால் அந்தச் சுவர் பெரும்பாலும் 1978க்கு முந்தியது, இல்லையென்றால் பழைய கை படிந்த ஓவியர் எழுதியது. கடைப் பெயர்ப்பலகைக்குத் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 விகிதத்தில் இருக்கவேண்டும் என்று அரசு விதி உண்டு. வீட்டுச் சுவருக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. பழைய ‘லை’தான் உங்கள் தாத்தாவின் கையெழுத்தில் இருந்தது என்றால், அதையே எழுதச் சொல்லலாம். கடையில் அது எளிதில் கிடைக்காது.

இனி, கையால் எழுதுகிறவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். அவர் முதலில் பிரஷைத் தொடமாட்டார். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நிற்பார். எங்கிருந்து பார்ப்பார்கள், நடந்து வருகிறவரா, வண்டியில் வருகிறவரா என்று பார்ப்பார். பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதும் தொழிலில் பழகிய கணக்கு. ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பொருந்தும் கணக்கு. தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும் உண்டு, கீழே இறங்கும் வளைவுகள் உண்டு. ‘முருகு’ என்று எழுதிப் பாருங்கள். மூன்றுமே உகரம்தான்; ‘மு’ ஒரு விதமாகக் கீழிறங்கும், ‘ரு’ வேறு விதமாக, ‘கு’ இன்னொரு விதமாக. ‘வெற்றி’யில் மேலே புள்ளியும் ‘றி’யின் வளைவும் ஒன்றையொன்று இடிக்கும். அதனால் இருபதடித் தெருவுக்கு நான்கு அங்குல எழுத்தும், மேலும் கீழும் அதில் பாதியளவு வெற்றிடமும் விட்டால் பெயர் மூச்சுவிடும்.

பிறகு நூல் அடிப்பார். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இருமுனையும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். மேலும் கீழும் அடித்த கோடுகளுக்குள் சாக்பீஸால் பெயரை மெலிதாக எழுதி, நடு எழுத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இருபுறமும் இடம் பிரிப்பார். இந்த இடம் பிரித்தலை ஸ்கேல் வைத்துச் செய்யமுடியாது. ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவே அளந்து விட்ட அதே இடைவெளியை ‘ல’வுக்கும் ‘வ’வுக்கும் நடுவே விட்டால் கண்ணுக்கு அது வேறாகத் தெரியும். வட்டமான எழுத்தைக் கோட்டுக்குச் சற்று வெளியே தள்ளி எழுதினால்தான் மற்றவற்றுக்குச் சமமாகத் தெரியும். ‘ர’ ஒல்லி, ‘ணை’ அகலம். இரண்டுக்கும் ஒரே கட்டம் போட்டால் ஒன்று நொண்டும். மீண்டும் தெருவுக்குப் போய்ப் பார்த்து, அழித்து, நகர்த்தி, அதற்குப் பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பார். ஒரு கையில் குச்சியைச் சுவரில் ஊன்றி, அதன்மேல் மறு மணிக்கட்டைத் தாங்கி, நீண்ட கோட்டை மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் இழுப்பார். அவுட்லைன், ஃபில்லிங், காய்ந்தபின் ஷேடோ. நிழல் இடப்பக்கம் விழும் என்று முதல் எழுத்தில் முடிவானால் கடைசிப் புள்ளிவரை இடப்பக்கம்தான்.

இத்தனையும் நன்றாக நடந்த பிறகும் அடுத்த ஆண்டே எழுத்து உரிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். “பெயிண்டர் மட்டமான பெயிண்ட் அடிச்சிட்டான்” என்று பழியும் விழும். குற்றவாளி பெரும்பாலும் அந்த ‘முந்தின நாள்’தான். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. புதுப்பூச்சின் பி.எச். அளவு 12ஐத் தாண்டும், அவ்வளவு காரம். ஓவியர்கள் விரும்பும் சிந்தடிக் எனாமலோ எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. எண்ணெயும் காரமும் ஈரத்தில் சந்தித்தால் சோப்பு உண்டாகும். சோப்புத் தொழிற்சாலையில் நடக்கும் அதே வேதிவினைதான். எழுத்துக்கு அடியில் பிசுபிசுவென்று ஒரு படலம் உருவாகி, எழுத்து சுருண்டு வந்துவிடும். இதோடு, சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறும்போது உப்பையும் இழுத்து வந்து வெள்ளையாகப் பூக்கவைக்கும். அந்த உப்புக்கு எந்தக் கம்பெனி பெயிண்டும் ஒன்றுதான்.

ஆகவே கணக்கு இப்படி: பூசிய பின் ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஆற்றுங்கள். பூச்சு நாளிலிருந்து குறைந்தது 28 நாள் அந்தச் சுவரைச் சும்மா விடுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் காரத்தைத் தாங்கும் பிரைமர், அதன்மேல் வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட், அதற்கு மேல்தான் எழுத்து. எழுத்தையும் எமல்ஷனிலேயே எழுதலாம். சுவர் விரிந்து சுருங்கும்போது அது கூடவே வளைந்துகொடுக்கும், வெயிலில் சீக்கிரம் பொடியாகாது. எனாமலின் ஓட்டமும் பளபளப்பும் அதற்கு வராது என்று ஓவியர் சொன்னால் அதுவும் உண்மைதான். இரண்டில் எது என்பதை அவரோடு பேசி முடிவெடுங்கள். 28 நாளை மட்டும் பேரம் பேசாதீர்கள்.

கொத்தனாரிடம் இந்த வாரமே சொல்லவேண்டியது இதுதான். பெயர் வரவேண்டிய இடத்தில், பெயரைவிட ஒரு சாண் பெரிதாக, ஒரு பட்டையை மட்டும் வழவழப்பாக இழைத்துத் தரச் சொல்லுங்கள். சுற்றிலும் டெக்ஸ்சர் அடித்துக்கொள்ளுங்கள், டைல்ஸ் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டை மட்டும் வெறும் பூச்சாக இருக்கட்டும். சொரசொரப்பான சுவரில் பிரஷின் நுனி எகிறும், கோட்டின் விளிம்பு பல்பல்லாகும். சாரம் பிரித்துப்போன கொத்தனாரை இதற்காகத் திரும்பக் கூப்பிட்டால் வரமாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். காம்பவுண்டுச் சுவரின் அடிப்பகுதி வேண்டாம். மண்ணிலிருந்து ஈரமும் உப்பும் ஏறும். கேட் தூணில் என்றால் தூணின் தலையில் தண்ணீர் தேங்காமல் சரிவு வைத்து, ஓரம் சற்று வெளியே நீட்டியிருக்கட்டும். சன்ஷேடுக்குக் கீழே இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

நிறத்திலும் அவசரம் வேண்டாம். வெளிர் பின்னணியில் அடர்ந்த எழுத்துதான் தூரத்துக்குத் தெரியும். பளீரென்ற சிவப்பும் மஞ்சளும் கடை அட்டையில் கண்ணைப் பறிக்கும். மேற்குப் பார்த்த சுவரில் அவைதான் முதலில் வெளுக்கும். கறுப்பும், இரும்பு ஆக்சைடில் வரும் காவி வகைகளும் வெயிலுக்கு அசைவதில்லை. கோயில் மதில் பட்டைகளில் நம்மவர்கள் காவியை நம்பியதும் காரணத்தோடுதான். எழுதும் காலம் அக்டோபர் முதல் டிசம்பர்வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை யாரையும் மதிக்காது. தை, மாசி தோதான மாதங்கள். கிழக்குச் சுவர் என்றால் பிற்பகலிலும், மேற்குச் சுவர் என்றால் காலையிலும் எழுதினால் சுவர் நிழலில் இருக்கும். கொதிக்கும் சுவரில் எனாமல் மேலே மட்டும் தோல் கட்டிவிடும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ பால் காய்ச்சுகிறீர்களா? காய்ச்சிவிடுங்கள். வாசலில் வாழைமரமும் மாவிலையும் இருக்கிற அன்று பெயர் இல்லையே என்று எந்தச் சொந்தக்காரரும் திரும்பிப் போகப்போவதில்லை. தையில் எழுதிக்கொள்ளலாம்.

“எழுத ஆள் எங்கே இருக்கிறது?” என்பீர்கள். நியாயமான கேள்வி. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்ததும் கடைப்பலகை வேலை போயிற்று. சினிமா பேனர் வேலையும் போயிற்று. 2010ஐ ஒட்டிச் சென்னை மாநகராட்சி, அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகளில் சுவரொட்டிகளை ஒழிக்கச் சுவர்களில் ஓவியம் தீட்டவைத்தபோது பேனர் ஓவியர்கள் சிலருக்குக் கொஞ்சகாலம் வேலை கிடைத்தது. தேர்தல் வந்தால் கட்சிச் சின்னம், பள்ளி திறந்தால் வகுப்பறைச் சுவர், நாமக்கல் பக்கம் என்றால் லாரி பாடி என்று மற்றவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். உங்கள் ஊரில் புதிதாக எழுதிய ஆட்டோவின் முதுகையோ, அரசுப் பள்ளியின் மதிலையோ பாருங்கள். ஏதோ ஒரு மூலையில் சின்னதாக ‘இன்னார் ஆர்ட்ஸ்’ என்று இருக்கும். பக்கத்திலேயே கைபேசி எண்ணும் இருக்கும். எழுத்து பிடித்திருந்தால் அந்த எண்ணுக்குப் பேசுங்கள். டெல்லியில் ஹனிஃப் குரேஷி என்ற வடிவமைப்பாளர் இப்படித் தெருவோர ஓவியர்களைத் தேடிப்போய், அவர்களுடைய எழுத்து வடிவங்களைக் கணினி எழுத்துருக்களாக மாற்றி, ஓவியர் பெயரிலேயே வெளியிட்டார். நமக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. ஒரு சுவர் தந்தால் போதும்.

கூலி விஷயத்தில் ஒரு வார்த்தை. எழுத்துக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். ‘ம்’ ஓர் எழுத்தா, புள்ளிக்குத் தனியாகவா என்று சிரிப்பும் சச்சரவுமாக அது முடியும். அப்படிப் பேசினால், தெருவுக்கு நாலுமுறை நடந்து இடம் பிரித்த நேரத்துக்குக் காசு இல்லை என்றாகிவிடும். அவரும் நடக்காமல் எழுதிவிட்டுப் போய்விடுவார். நாள் கணக்கில் பேசுங்கள். சுவரைத் தேய்த்துப் பட்டி பார்ப்பதற்கு ஒரு நாள், எழுத ஒரு நாள், ஷேடோவுக்கு ஒரு வேளை. நல்ல கொத்தனாருக்குத் தரும் கூலிக்குக் குறையாமல் தாருங்கள். பெயரை வாயால் சொல்லாதீர்கள்; தாளில் எழுதி, வீட்டில் எல்லாரும் படித்துப் பார்த்து, ‘ர’வா ‘ற’வா, ‘கலைக் குடில்’ என்பதில் ‘க்’ உண்டா என்று தீர்த்துக் கையில் கொடுங்கள். சாக்பீஸில் இருக்கும்போது திருத்தம் சொல்வது உங்கள் உரிமை. பெயிண்டில் வந்த பிறகு சொல்வது அவருக்குத் தண்டனை.

உங்களில் சிலர் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுகிறவர்கள். இடிப்பதற்கு முன், பழைய பெயரின்மேல் டிரேசிங் தாளை ஒட்டி விளிம்பை வரைந்து எடுத்துவையுங்கள்; நேராக நின்று ஒரு புகைப்படமும் எடுங்கள். புதிய சுவரில் அதே எழுத்தை அதே அளவில் எழுத ஓவியருக்கு அது போதும். பழைய எனாமலைச் சுரண்டவேண்டியிருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள்; நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எழுதிய பெயர் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். சில ஆண்டுகளில் மங்கும். அப்போது அதே ஓவியரோ, அவரிடம் கற்றவரோ வந்து பழைய விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு கோட் ஓட்டினால் புதிதாகிவிடும். மகள் பெயரைச் சேர்க்கவேண்டுமானால் சேர்க்கலாம். கல்லுக்கும் தகட்டுக்கும் அந்த வழி இல்லை. கழற்றிப்போட்டுப் புதிது வாங்குவது ஒன்றுதான் வழி. ஒவ்வொரு முறை மங்கும்போதும் ஊரில் ஒரு கைக்கு வேலை பிறக்கிறது என்பதை நான் குறையாக எண்ணவில்லை. அந்தக் கை பழகிக்கொண்டே இருந்தால்தான் உங்கள் பேரப்பிள்ளைகள் வீடு கட்டும்போது எழுத ஆள் இருக்கும்.

நாளைக் காலை கொத்தனார் வந்ததும் பட்டையைக் குறித்துக் கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஒரு சுற்றுப் போய் ஓவியரைக் கண்டுபிடித்து, தை மாதத்தில் ஒரு தேதி வாங்கிவிடுங்கள். எழுதி முடித்த அன்று கூலியோடு இன்னொன்றும் சொல்லுங்கள்: “கீழே உங்க பேரையும் போன் நம்பரையும் எழுதிட்டுப் போங்க.” மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் எதிர்மனையிலும் யாரோ அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்த எண் தேவைப்படும்.

இப்படிக்கு,
சுவரெழுத்தைப் படித்துக்கொண்டே தெருவில் நடப்பவன்